மைக் சொருகும் கேமராவையே வாங்கு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே அனைவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும் என்று ஆரம்பித்துத்தான் மூன்று வருடமாக உனக்குக் கடிதம் போடுகிறேன். இந்த முறை அந்த வரியை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தாளைக் கிழித்துப் போட்டேன். மஸ்கட் கடையில் பார்த்த இரண்டு வீடியோ கேமராவில் உன் கல்யாணத்துக்கு எதை வாங்கி வரலாம் என்று கேட்டிருந்தாய். மைக் செட்டுக்காரன் மகன் அப்பனிடம் யோசனை கேட்கிறானே என்று எனக்குப் பெருமைதான். பதில் கீழே இருக்கிறது, ஒரு வரி விடாமல் படி. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். என் தொண்டையில் கட்டி இருக்கிறது. புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஆவணி பிறந்ததும் பெங்களூரில் ஆபரேஷன். குரல் வருகிற இடத்தையே எடுத்துவிடுவார்களாம். அதன் பிறகு உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. இந்தப் பயத்தை உன் அக்கா மல்லிகாவிடம்கூட நான் வாய் திறந்து சொல்லவில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது. இனிமேல் எழுத்துதானே என்று நினைத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

பங்குனித் திருவிழாவில் குரல் கம்மியபோது ராத்திரி பகலாக மைக்கில் கத்தியதுதான் காரணம் என்று நினைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, காணாமல் போன குழந்தையிலிருந்து பூசாரிக்கு வந்த வேட்டி வரைக்கும் நம் மைக்கில்தான் சொல்ல வேண்டும். மிளகு மென்றேன், பனங்கற்கண்டு போட்டேன், பீடியை மட்டும் விடவில்லை. வைகாசியில் மல்லிகா அரூரிலிருந்து வந்து, "என்னப்பா இது, யாரோ பேசற மாதிரி இருக்குது" என்று பிடிவாதமாகத் தர்மபுரி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் சேலத்துக்கு அனுப்பினார், சேலத்துக்காரர் பெங்களூருக்கு அனுப்பினார். இரண்டு மாதம் உன்னிடம் சொல்லாமல் மறைத்தது என் உத்தரவு. உன் அக்காவைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம் எனக்கு.

பயத்தைப் போக்குவதற்காக அங்கே ஒரு டாக்டர் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். இதே ஆபரேஷன் செய்துகொண்டு நான்கு வருடமாக நன்றாக இருக்கும் ஒருவரை எனக்குக் காட்டினார். ஓசூர்ப் பக்கத்து விவசாயி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார், அதற்குப் பின்னால்தான் மூச்சுவிடும் துளை. மடியில் ஒரு சிலேட்டு. அவர் மனைவி என்னைப் பார்த்து, "பயப்படாதீங்கண்ணா. நல்லா சாப்புடறாரு, காட்டுக்குப் போறாரு, மாடு ஓட்டறாரு. கோவம் வந்தா மட்டும் சிலேட்டுல எளுதறதுக்குள்ள கோவமே போயிடுது" என்றார். அவர் சிரித்தார். வாய் சிரித்தது, தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். சற்றுப் பொறுத்து அந்த அம்மா மருந்துச் சீட்டோடு எழுந்து, கூட்டத்தில் தவறான பக்கமாக நடந்தார். இவர் பார்த்துவிட்டு எழுந்து நின்று கையைத் தட்டினார். அங்கே இருநூறு பேர் இரைச்சலில் அது எங்கே கேட்கும்? அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே நின்றார். நான்தான் ஓடிப்போய், இருக்கிற கம்மிய குரலில், "அம்மா, உங்க வூட்டுக்காரர் கூப்புடறாரு" என்று சொன்னேன். அதன் பிறகு நான் அங்கே உட்காரவில்லை.

சரி, கேமராவுக்கு வருகிறேன். நீ எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. ஒன்று இந்த வருடத்துப் புது மாடல், இலேசானது, தூரத்தில் இருப்பதை எட்டு மடங்கு கிட்டே இழுத்துக் காட்டும், நிறம் கண்ணைப் பறிக்கும். மற்றது போன வருடத்துச் சரக்கு, தோளில் தூக்கி வைக்க வேண்டிய கனம், படம் சற்று மங்கல், விலையும் குறைச்சல். ஆனால் அதில் வெளி மைக் சொருக ஓர் ஓட்டையும், காதில் வைத்துக் கேட்க இயர்போன் ஓட்டையும் இருக்கின்றன. முதலாவதில் இரண்டுமே இல்லை. உன் மனம் முதலாவதில் இருக்கிறது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. கடைக்காரன் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்து, உன் முகத்தையே டிவியில் காட்டியிருப்பான். யாருக்குத்தான் மயங்காது? இரண்டாவதையே வாங்கு. உன் சம்பளத்துக்கும் அதுதான் தாங்கும்.

காரணம் சொல்கிறேன். கேமராவோடு சேர்ந்தே வருகிற மைக் கேமரா நிற்கும் இடத்தில்தான் கேட்கும், பேசுகிற ஆள் நிற்கும் இடத்தில் கேட்காது. பத்தடி தள்ளி நின்று எடுத்தால் படத்தைக் கிட்டே இழுத்துக்கொள்ளலாம், சத்தத்தை எப்படி இழுப்பாய்? எடுக்கிறவனுடைய மூச்சும், முகத்தைப் பெரிதாக்கும் மோட்டாரின் கிர்ரென்ற ஓசையும், மேலே சுற்றுகிற ஃபேனும்தான் விழும். இன்னொன்று, கேமராவுக்குள்ளேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. பக்கத்தில் பெரிய சத்தம் வந்தால் அது தானாகவே தன் காதைச் சுருக்கிக்கொள்ளும். அப்போது மெதுவாகப் பேசுகிறவருடைய பேச்சு அடியோடு காணாமல் போய்விடும். நம் ஆம்ப்ளிஃபயர் என்றால் நான் குமிழைத் திருப்பிச் சரி செய்வேன். இதில் திருப்பக் குமிழே கிடையாது. ஆகவே மைக்கைப் பேசுகிறவருடைய மார்புக்கருகே கொண்டுபோக வேண்டும். அதற்குத்தான் அந்த ஓட்டை. மங்கலாக விழுந்தாலும் முகத்தை அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.

இது எனக்கு எங்கே தெரிந்தது என்று கேட்பாய். உன் அக்கா கல்யாணத்தில் தெரிந்தது. நீ அப்போது மஸ்கட் போய் நான்கு மாதம், லீவு கிடைக்கவில்லை. அதனால் இதை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. நம் தொழில்காரர்களின் வழக்கம் உனக்குத் தெரியும். மைக் செட்டுக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு மைக் செட்டுக்காரன் மொய் எழுத மாட்டான், தன் ஒலிபெருக்கிக் குழாயைக் கொண்டுவந்து கட்டுவான். மல்லிகா கல்யாணத்துக்கு அரூர், கம்பைநல்லூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்து, மொரப்பூர் ஸ்டேஷன் ரோடு முழுக்கப் பதினொரு குழாய் கட்டினார்கள். ரயிலில் போகிறவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். எனக்குத் தலை கால் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பேசியதுகூட எனக்குக் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சேலத்திலிருந்து வீடியோக்காரர் ஒருவர் வந்திருந்தார். நம் ஊர்க் கல்யாணத்தில் வீடியோ எடுத்தது அதுதான் முதல் தடவை. பெண்ணை வேனில் ஏற்றும் நேரம். உன் அம்மா மல்லிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு நூறு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு அவள் நிறுத்தாமல் இரண்டு நிமிஷம் பேசினாள். வீடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்தபடியே என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் ஏதோ நன்றாக இருக்கிறது என்கிறார் என்று நினைத்து நானும் கையை அசைத்தேன். பிறகு தன் ஆளை அனுப்பினார். "அண்ணா, ரெண்டே நிமிஷம் பாட்டை நிறுத்துங்களேன். அம்மா பேசறது ஒண்ணுமே விளுவல" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "எங்க வூட்டுக் கல்யாணத்துல பாட்டு பாதியில நிக்கறதா? பொண்ணு வாசப்படி தாண்டற நேரத்துல அபசகுனமா? போய் உங்க வேலையப் பாருங்க" என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, போய்க் குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினேன். என் கையால்தான் திருப்பினேன், கண்ணு.

அடுத்த ஆடியில் உன் அம்மா போய்விட்டாள். மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நீ வந்து மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு, ஒரு நாள் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்துவந்து அந்தக் கேசட்டைப் போட்டேன். அவள் அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறாள். மூக்குத்தி மின்னுகிறது, மல்லிகாவின் கன்னத்தைத் துடைக்கிறாள், வாய் அசைகிறது. என் பதினொரு குழாயும் பாடுகின்றன. டிவியின் சத்தத்தைக் கூட்டினேன், குழாய்தான் கூடியது. திரைக்கு அருகே போய் உதட்டைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பிடிபடாதா என்று சுழற்றிச் சுழற்றிப் போட்டதில் அந்த இடத்தில் டேப்பே தேய்ந்து கோடு விழுந்துவிட்டது. மல்லிகாவையே கேட்டேன். அவள், "எனக்கும் கேக்கலப்பா. நீங்க வெச்ச சத்தத்துல அம்மா பேசறது எனக்கே கேக்கல. சரிம்மா சரிம்மான்னு சும்மா தலையாட்டினேன். அப்புறமா கேட்டுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். ஊரெல்லாம் கேட்கும்படி வைத்தவன், பெற்ற மகளுக்குத் தாய் சொன்ன சொல் கேட்காதபடி செய்துவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, இப்போது உனக்கு மைக் ஓட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது அதுதான்.

அப்படியானால் குரலை மட்டும் டேப்பில் பிடித்து வைத்தால் போதாதா, கேமரா எதற்கு என்று நீ கேட்கலாம். அதையும் முயன்று பார்த்தேன். போன வாரம் கடைக் கதவைச் சாத்திவிட்டு, டேப் ரிக்கார்டரை முன்னால் வைத்து, பட்டனை அழுத்தி உட்கார்ந்தேன். முப்பது வருடம் மைக் பிடித்தவனுக்கு என்ன வந்தது தெரியுமா? "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மந்திரிக்குப் பேசக் கொடுத்திருக்கிறேன், பஜனைக்குக் கொடுத்திருக்கிறேன், காணாமல் போன எருமைக்கு நானே பேசியிருக்கிறேன். எனக்காகப் பேச எனக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் ஓடிய டேப்பில் நான் இரண்டு தடவை இருமியதும் வெளியே பஸ் ஹாரன் அடித்ததும்தான் இருக்கின்றன.

அதுமட்டுமல்ல, ஆள் இல்லாத குரலைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. இதுவும் உனக்குத் தெரியாத கதை. சித்தேரி மலையில் ஒரு காரியத்துக்கு செட் கொண்டுபோனேன். கரண்ட் இல்லாத ஊர், பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். இறந்தவருடைய மகன் பட்டாளத்தில் இருப்பவன், லீவில் வந்தபோது அப்பாவின் பேச்சை விளையாட்டாக ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தான். "சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கட்டும்ணா, குளாயில போடுங்க" என்றான். நானும் யோசிக்காமல் போட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை, "மாட்டுக்குத் தண்ணி காட்டினீங்களாடா? சாமை காயுது பாரு, கோழி மேயுது" என்று அந்தக் கிழவர் சாதாரணமாகப் பேசுவதுதான். அவருடைய சம்சாரம் உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தார். மரத்தில் கட்டியிருந்த குழாயை அண்ணாந்து பார்த்தார். மரத்தைச் சுற்றி வந்தார். "எங்கடா இருக்காரு? பேச்சு கேக்குது, ஆளைக் காணமே" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நான் சட்டென்று நிறுத்திவிட்டு, பேட்டரி இறங்கிவிட்டது என்று பொய் சொன்னேன். புறப்படும்போது அந்த அம்மா என்னிடம் வந்து, "அந்தப் பொட்டிய இங்கயே வெச்சுட்டுப் போ சாமி, அவுரு அதுலதான இருக்காரு" என்றார்.

ஆகவே முகமும் வேண்டும், குரலும் வேண்டும், இரண்டும் ஒன்றாக வேண்டும். ஒன்றிருந்து ஒன்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் பார்த்தவன் நான். இப்போது கவனமாகக் கேள். கடையில் வாங்கும்போது நீ பேசி நீயே பதிவு செய்து பார்க்காதே. கூட வேலை செய்கிறவனை வாசல் வரைக்கும் போய் நின்று சாதாரணமாகப் பேசச் சொல், கடையின் ஏசி ஓடட்டும், அதை அங்கேயே டிவியில் போட்டுக் கேள். நம் ஊர் டிவிக்கு ஒத்துப்போகிற முறையில் எடுக்கிற கேமராவா என்று கேட்டுக்கொள். அமெரிக்காவுக்கென்று செய்த சரக்கை மலிவாகத் தலையில் கட்டிவிடுவார்கள், இங்கே போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும். பேட்டரி இரண்டு வாங்கு, நம் ஊர்க் கரண்டை நம்ப முடியாது. பெரிய கேசட்டே போடுகிற கேமராவாக இருக்கட்டும், சின்னக் கேசட் இங்கே கிடைக்காது. பதிவான சத்தத்தின் மேல் வேறு சத்தம் ஏற்றுகிற பட்டன் ஒன்று இருக்கும், அதன் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடு. கல்யாண கேசட்டில் பாட்டு ஏற்றுகிறேன் என்று எவனாவது அதை அமுக்கினால் அடியில் இருக்கிற பேச்சு போய்விடும், திரும்ப வராது. மைக் வாங்காதே. சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டடி ஒயரும், கேமராவில் சொருகுகிற பொடிப் பின்னும் நானே பற்ற வைத்துவிட்டேன். இரண்டு தடவை பிசகி மூன்றாவது தடவை சரியாக வந்தது.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஆபரேஷனே வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். தை மாதம் உன் கல்யாணம் முடியட்டும், வருகிறவர்களை வாங்க வாங்க என்று வாயால் கூப்பிட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். "தை வரைக்கும் விட்டா அது வளந்து மூச்சையே அடைச்சிடும் பெரியவரே. அப்ப கூப்புடறதுக்கு நீங்க இருக்கணும் இல்ல?" என்றார். இரண்டு வாரம் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக இருந்தேன். பேச்சில்லாமல் இருப்பதா, இல்லாமலே போவதா? பகலில் ஒன்று தோன்றும், சாயந்திரம் இன்னொன்று தோன்றும். மல்லிகா ஒரு நாள் அழுதுகொண்டே, "நீங்க சிலேட்டுல எளுதி என்னைத் திட்டுங்கப்பா, நான் படிச்சிக்கறேன். ஆனா இருங்க" என்றாள். மறு நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. பேனாவை வாங்கும்போது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எதற்கு இவ்வளவு பயம் என்று நானே யோசித்தேன். ஊரில் ஊமையானவர்கள் இல்லையா, அவர்கள் பிழைக்கவில்லையா? பேச முடியாமல் போவதற்காக நான் பயப்படவில்லை. உன்னிடம் நேருக்கு நேர் பேசியதே குறைவு. நீ கேட்டதற்கு உன் அம்மா வழியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. உனக்கு அப்போது ஆறு வயது. ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு செட் போட்டுவிட்டு, லாரியில் சாமானோடு திரும்பினோம். அன்றைக்கு அடம்பிடித்து நீயும் வந்திருந்தாய். தொப்பூர்க் கணவாய் ஏறுவதற்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தினோம். நான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீ ரோட்டில் இருக்கிறாய். எதிர்ப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டி, அதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறாய். மேலேயிருந்து ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் இறங்குகிறது. ஓடி வந்து பிடிக்கிற தூரம் இல்லை. நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. நீ அப்படியே கால் மரத்துப்போய் நின்றுவிட்டாய். லாரி உன் சட்டையைத் தொடாமல் போனது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. உன்னைத் தூக்கி வந்து அடித்தேன், ஞாபகம் இருக்கும். பிறகு லாரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன், அது உனக்குத் தெரியாது.

மல்லிகாவின் பெண்ணுக்கு இப்போது இரண்டு வயது, ஓட்டமான ஓட்டம். அரூரில் அவர்கள் வீடு மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. போன மாதம் வரைக்கும் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவேன். இப்போது போவதில்லை. "தாத்தா வா" என்று இழுக்கிறாள், கால் வலிக்கிறது என்று பொய் சொல்கிறேன். அவள் கையை உதறிக்கொண்டு ஓடினால் நான் எதைக் கொண்டு நிறுத்துவேன்? கையைத் தட்டுவேனா? பதினொரு குழாயும் அங்கே எனக்கு எந்த உதவியும் செய்யாது. நாளைக்கு உனக்கும் ஒன்று பிறக்கும், அதையும் என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போவீர்கள். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், என்னை நம்பி ரோட்டோரத்தில் குழந்தையை விடாதீர்கள். வீட்டுக்குள் என்றால் நான் பார்த்துக்கொள்வேன்.

உன் முதலாளியிடம் பேசி லீவை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார். மார்கழியில் வேண்டாம், ஆடி முடிவதற்குள் வா. தைக்குத் திரும்ப லீவு தரமாட்டான் என்றால் தேதியை மாற்றச் சொல்லிப் பெண் வீட்டாரிடம் நான் போய்ப் பேசுகிறேன், பேசுகிறபோதே பேசிவிடுகிறேன். கேமரா கிடைத்தால் கொண்டுவா. விலை ஒத்துவரவில்லை, ஏர்போர்ட்டில் பிடித்துக்கொண்டார்கள் என்றால் கவலைப்படாதே, வெறுங்கையோடு வா. சேலத்து வீடியோக்காரரையே கூப்பிட்டுக்கொள்ளலாம். அவரிடம் நான் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் கேட்டது இரண்டே நிமிஷம்.

வந்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, புத்திமதி சொல்லுங்கள் அப்பா, ஆசீர்வாதம் செய்யுங்கள் என்று மட்டும் கேட்காதே. பழையபடி ஒன் டூ த்ரீதான் வரும். மைக்கை என் சட்டையில் மாட்டிவிட்டு, கேமராவை ஓடவிட்டு, நீ போய் உள் அறையில் இரு. நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. நீ அங்கேயிருந்து "என்னப்பா?" என்று கேள். கேட்டுவிட்டு வந்து என் எதிரே நில். அவ்வளவுதான் எனக்குப் பதிவாக வேண்டும். இன்னொரு கேசட்டில் மல்லிகாவையும் அவள் பெண்ணையும் அப்படியே கூப்பிடுகிறேன். குரல் கம்மித்தான் இருக்கும், பரவாயில்லை, நம் வீட்டில் அது யார் குரல் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள் நீ பக்கத்து அறையில் இருக்கும்போது அந்தக் கேசட் ஓடுகிற சத்தம் கேட்கும். அப்பா பழைய நினைப்பில் டிவி பார்க்கிறார் என்று இருந்துவிடாதே. கூப்பிடுவது நான்தான். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வா.

உன் அப்பா,
மொரப்பூர்